மூன்றாவது ஆள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் காயங்களும் அணிப்பட்டியல் விதிகளும், 1905–2025

2014 டிசம்பர் 6 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி தன் மூன்றாவது குவார்ட்டர்பேக்கைக் களமிறக்கி, விஸ்கான்சினை 59–0 என்று வென்றது. மறுநாள் தேர்வுக்குழு அதற்கு நான்காம் இடம் தந்து, தேசியப் பட்டத்துக்கான நான்கு அணிப் பிளேஆஃபுக்கு அனுப்பியது. ஒன்பது ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 2 அன்று சார்லட் நகரில், ஃபுளோரிடா ஸ்டேட் அணியும் தன் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை இறக்கி, லூயிவில்லை 16–6 என்று வென்றது. 13 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அந்த அணியை மறுநாள் தேர்வுக்குழு வெளியே நிறுத்தியது. 2014இல் உள்ளே போன ஒஹாயோ ஸ்டேட்டோ ஏற்கெனவே ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அணி.

இத்தகைய நிகழ்வுகளை விளையாட்டுச் செய்தியாளர்கள் துணிச்சலின் கதையாகவோ துரதிர்ஷ்டத்தின் கதையாகவோ எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இக்கட்டுரையின் வாதம் வேறு. காயம் எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. வந்தபின் இழப்பு எவ்வளவு என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அணிப்பட்டியலில் எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுபவர் பயிற்றுநர்தான், ஆனால் யாரை வைத்துக்கொள்ளலாம், யாரைப் போகவிட வேண்டும், ஆட்டத்தின் நடுவே யாரை மாற்றலாம் என்பதையெல்லாம் அந்தந்தக் காலத்தின் விதிகள் வரையறுத்தன. அவ்விதிகள் மாறிய வரிசையில் இந்த வரலாற்றைப் பார்ப்பது நோக்கம்.

இந்த ஆட்டம் பழகாத வாசகருக்குச் சில சொற்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கம் 11 பேர். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும்போது நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் தருவார், வாங்குபவர் குவார்ட்டர்பேக். எறிவதா, ஓடுபவர் கையில் திணிப்பதா, தானே ஓடுவதா என்று ஓரிரு நொடிகளில் முடிவுசெய்ய வேண்டியவர் அவரே. எறிவதற்காகக் கையை உயர்த்தி நிற்கும் அந்தக் கணத்தில் அவருடைய விலாவும் தோளும் முழங்காலும் காவலின்றி இருக்கும். ஒரே நேரத்தில் களத்தில் ஒரு குவார்ட்டர்பேக்தான் என்பதால், அடுத்தவருக்கு ஆட்ட அனுபவமே கிடைப்பதில்லை. தொழில்முறை அணி என்றால் நடுப்பருவத்தில் ஒருவரை ஒப்பந்தம் செய்து அழைத்து வந்துவிடலாம். கல்லூரி அணிக்கு அந்த வழி கிடையாது. ஆகஸ்டில் வளாகத்தில் இருப்பவர்களை வைத்துத்தான் டிசம்பர் வரை ஓட்டியாக வேண்டும்.

வெளியேறினால் திரும்ப முடியாத காலம்

1905ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 பேர் இறந்தார்கள் என்பது அக்காலச் செய்தித்தாள் கணக்கு. அந்த அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதைத் தொடர்ந்த மாதங்களில் உருவான சங்கமே 1910இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1906இல் பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமானது. கூட்டமாக முட்டிமோதும் ஆட்டத்தைக் கலைத்துப் பரப்புவதற்காக வந்த விதி அது. உயிர் காக்க வந்த அந்த விதிதான், பின்னாளில், ஒரே ஒருவர் கையில் முழு ஆட்டத்தையும் ஒப்படைத்தது.

உடனே அல்ல. 1930கள் வரை பெரும்பாலான அணிகள் ஆடிய சிங்கிள் விங் அமைப்பில் குவார்ட்டர்பேக் என்பவர் மற்றவர்களுக்கு வழியமைத்துத் தரும் தடுப்பாளர்தான். ஓடுவதும் எறிவதும் இன்னொருவர் வேலை. 1940இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்த பயிற்றுநர் கிளார்க் ஷாக்னஸி, குவார்ட்டர்பேக்கை நடுவில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்தும் டி அமைப்பைக் கொண்டுவந்து, பிராங்கி ஆல்பர்ட்டை அந்த இடத்தில் நிறுத்தினார். ஸ்டான்ஃபோர்டு அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. 1941 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21–13 என்று வென்றது. அணிகள் அந்த அமைப்பை வரிசையாகப் பின்பற்றத் தொடங்கின. குவார்ட்டர்பேக்கின் காயம் அணியையே முடக்கும் நிலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன் மாற்று ஆட்டக்காரர் என்ற எண்ணமே சற்றுக் கௌரவக் குறைவாகப் பார்க்கப்பட்டது. வெளியே போனவர் அந்தக் கால்பகுதி முடியும்வரை திரும்ப முடியாது. எனவே லேசாக அடிபட்டவர் வெளியே போகாமல் நொண்டிக்கொண்டே ஆடுவார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புரியும்: தலையில் பந்துபட்ட மட்டையாளருக்குப் பதில் இன்னொரு மட்டையாளரை இறக்கும் உரிமை டெஸ்ட் ஆட்டத்தில் 2019 வரை இல்லை. கல்லூரிக் கால்பந்தில் அந்தக் கதவு 1941இல் திறந்தது. போருக்குப் போன இளைஞர்களால் அணிகள் மெலிந்திருந்த நிலையில், தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி பயனுள்ளதாயிற்று. 1945 அக்டோபரில் நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில், வலிமைமிக்க ஆர்மி அணியை எதிர்கொண்ட மிச்சிகன் பயிற்றுநர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு இன்னொரு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். 28–7 என்று தோற்றார். ஆனால் அந்த முறை வென்றது. எல்லோரும் கைக்கொண்டார்கள்.

செலவு கூடியது. 1953இல் விதி மீண்டும் இறுக்கப்பட்டது. ஒரே ஆள் தாக்கவும் வேண்டும் தடுக்கவும் வேண்டும். குவார்ட்டர்பேக் எதிரணியை மறித்து விழுத்தும் வேலையையும் செய்தார், அதனால் அடிபடும் வாய்ப்பும் பெருகியது. இந்தக் கட்டுக்குள் சாமர்த்தியம் காட்டியவர் லூசியானா ஸ்டேட்டின் பால் டீட்சல். 1958இல் தன் ஆட்டக்காரர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துச் சுழற்றி, தேசிய வாகையர் பட்டமும் வென்றார். 1960களின் நடுவில் தாராள மாற்றம் திரும்பி வந்து நிலைத்தது. குவார்ட்டர்பேக் அதன்பின் தாக்குதலுக்கு மட்டுமே உரியவரானார். அவர் திறமை கூர்மையானது. அவரை இழந்தால் ஈடுசெய்வதும் கடினமானது.

அக்காலத்தில் பயிற்றுநருக்கு இருந்த சௌகரியம் ஆள்பலம். உதவித்தொகைக்கு நாடு தழுவிய உச்சவரம்பு இல்லை. 1968இல் டெக்ஸாஸ் பயிற்றுநர் டாரல் ராயல், முதல் ஆட்டத்தைச் சமன்செய்து இரண்டாவதில் தோற்றுக்கொண்டிருந்தபோது, பெயர்பெற்ற குவார்ட்டர்பேக் பில் பிராட்லியை நீக்கிவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டை இறக்கினார். பிராட்லி கோபித்துக்கொண்டு போகவில்லை. தடுப்புப் பிரிவுக்கு மாறி ஆடினார். போக நினைத்தாலும் எளிதல்ல, வேறு கல்லூரிக்குப் போனால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 20 ஆட்டங்களிலும் டெக்ஸாஸ் வென்றது.

105, 95, 85

1972இல் முதலாண்டு மாணவர்களும் ஆடலாம் என்று விதி வந்தது. அடுத்த ஆண்டு உதவித்தொகைக்கு உச்சவரம்பு: மொத்தம் 105, ஆண்டுக்குப் புதிதாக 30. 1978இல் அது 95 ஆனது. 1992 முதல் படிப்படியாகக் குறைத்து 1994இல் 85இல் நிறுத்தினார்கள். செலவைக் குறைப்பது ஒரு காரணம். பெரிய கல்லூரிகள் தமக்குத் தேவையில்லாத ஆட்களையும் எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று வளைத்துப்போட்டதை நிறுத்துவது இன்னொன்று.

இந்த 85 என்ற எண்ணை 22 இடங்களுக்கும் உதைப்பவர்களுக்கும் பங்கிட்டால் குவார்ட்டர்பேக்குக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. அதில் ஒருவர் பள்ளி முடித்து நேற்று வந்தவர். 1991இல் வாரத்துக்கு 20 மணிநேரம் என்று பயிற்சிக்கும் எல்லை வந்துவிட்டதால், பயிற்சியின் பெரும்பகுதி முதல் ஆட்டக்காரருக்கே போனது. இரண்டாமவர் அடுத்த வார எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப்போல் நடித்துத் தன் தடுப்பாளர்களுக்குப் பழக்கம் தருவார். அதாவது அவர் கற்றது எதிரியின் ஆட்டத்தை.

இந்தக் குறையின் விலையை இரண்டு பருவங்கள் துலக்கமாகக் காட்டின. 2007 நவம்பரில் ஓரிகன் அணி நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அதன் குவார்ட்டர்பேக் டென்னிஸ் டிக்சன், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு முன்னணியில் இருந்தார். நவம்பர் 3 அன்று அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராக அவர் முழங்காலில் அடிபட்டது. 12 நாள் கழித்து டூசான் நகரில் கட்டுப்போட்டுக்கொண்டு இறங்கி, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுனும் ஓடியவர், முதல் கால்பகுதியிலேயே தொடுவாரின்றிச் சரிந்தார். முழங்காலின் தசைநார் முன்னமே கிழிந்திருந்தது என்பது பிறகு வெளிப்பட்டது. மாற்றாக இருந்திருக்க வேண்டிய நேட் கோஸ்டா அதற்கு முன்பே முழங்கால் அறுவைக்குப் போயிருந்தார். ஓரிகன் அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் தோற்றது, யூ.சி.எல்.ஏ.விடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல். ஆனால் ஒரு மாத அவகாசம் கிடைத்ததும், டிசம்பர் 31 சன் பௌலில் ஜஸ்டின் ரோப்பர் என்ற முதலாண்டு ஆட்டக்காரரைக் கொண்டு சௌத் ஃபுளோரிடாவை 56–21 என்று நொறுக்கியது. நவம்பரில் இல்லாத திறமை டிசம்பரில் முளைத்துவிடவில்லை. அந்த மாதம் முழுவதும் முதல் ஆட்டக்காரருக்குரிய பயிற்சி அவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

2009 இன்னும் கொடிது. முந்தைய ஆண்டின் ஹைஸ்மன் வெற்றியாளர் சாம் பிராட்ஃபோர்டு தொழில்முறைக்குப் போகாமல் ஓக்லஹோமாவிலேயே தங்கினார். முதல் ஆட்டத்திலேயே தோள்மூட்டில் அடி. அக்டோபரில் டெக்ஸாஸுக்கு எதிராக அதே தோளில் மீண்டும். அணி 8–5 என்று பருவத்தை முடித்தது. அந்த டெக்ஸாஸே 2010 ஜனவரி 7 அன்று தேசிய இறுதி ஆட்டத்தில் அலபாமாவை எதிர்த்தபோது, அணியின் ஐந்தாவது ஆட்டமுறையிலேயே குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் தோள் மரத்துப்போய் வெளியேறினார். 45 வெற்றி கண்டவர் அவர்; அன்றைக்கு அது சாதனை. பதிலுக்கு வந்த கேரட் கில்பர்ட் முதலாண்டு மாணவர். இடைவேளைக்குச் சற்றுமுன் அவர் தட்டிவிட்ட சிறு பந்தை மார்செல் டேரியஸ் பறித்துக்கொண்டுபோய் டச்டவுனாக்க, 24–6. அதே கில்பர்ட் பிற்பாதியில் 24–21 வரை இழுத்து வந்தார். பிறகு தன் எல்லைக்கருகே பந்தைத் தவறவிட, 37–21 என்று முடிந்தது. அவருடைய முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பயிற்றுநரும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

கொலம்பஸ், 2014

இந்த வரலாற்றின் மையம் கொலம்பஸ் நகரின் ஒஹாயோ ஸ்டேட் ஆடிய 2014 பருவம். பிக் டென் மாநாட்டின் (மாநாடு என்பது தமக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டு) சிறந்த தாக்குதல் ஆட்டக்காரராக இருமுறை தேர்வான பிராக்ஸ்டன் மில்லரின் தோள், ஆகஸ்ட் பயிற்சியில் மீண்டும் விட்டுப்போனது. பருவம் தொடங்கப் பன்னிரண்டே நாள். பயிற்றுநர் அர்பன் மேயர் ஜே.டி. பாரெட்டை இறக்கினார். வசந்தகாலப் பயிற்சிவரை இரண்டாமிடத்தில் இருந்தவர் கார்டேல் ஜோன்ஸ். ஆகஸ்டில்தான் பாரெட் அவரை முந்தினார். செப்டம்பர் 6 அன்று சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35–21 தோல்வி. பாரெட் 29 முறை எறிந்து 9 முறையே சேர்த்தார், மூன்று எதிரியின் கைக்குப் போனது. பருவம் முடிந்தது என்றே பலர் எழுதினார்கள்.

அதன்பின் தோல்வியே இல்லை. பாரெட் எறிந்தும் ஓடியும் 45 டச்டவுன்களுக்குக் காரணமாகி மாநாட்டுச் சாதனை படைத்தார். நவம்பர் 29, மிச்சிகனுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் அவர் கணுக்கால் முறிந்தது. ஜோன்ஸின் முறை வந்தது.

ஜோன்ஸ் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2012 ஜனவரியில் வளாகத்துக்கு வந்தவர். முதலாண்டு ரெட்ஷர்ட், அதாவது பயிற்சி மட்டும், ஆட்டம் இல்லை. அந்த ஆண்டு அவருடைய நான்கு பருவக் கணக்கில் சேராது. நெப்ராஸ்காவில் 1937 வாக்கில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்த வழக்கத்தைக் கல்லூரிகள் நாற்றங்காலாகவே வைத்திருந்தன. விஸ்கான்சினுக்கு எதிராக முதன்முதலாகத் தொடங்கியபோது, மேயரின் ஆட்டப் புத்தகத்தோடு அவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுப் பழக்கம். தொடக்க அனுபவம் இல்லை, பழக்கம் இருந்தது. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதே இத்துறை எழுத்துகளின் பொதுக் குறை.

பயிற்றுநர்களும் அவரைப் பாரெட்டாக ஆக்க முயலவில்லை. பாரெட் குறுகிய எறிதலும் ஓட்டமும் கலந்து ஆடுபவர். ஜோன்ஸ் ஆஜானுபாகு, பந்தை வெகுதூரம் எறியவல்லவர். தாக்குதல் பயிற்றுநர் டாம் ஹெர்மன் தொலைதூர எறிதலை முன்னுக்குக் கொண்டுவந்தார். விஸ்கான்சினுக்கு எதிராக ஜோன்ஸ் 257 யார்டு எறிந்தார். அவருடைய மூன்று டச்டவுனையும் பிடித்தவர் டெவின் ஸ்மித். மற்ற பாரத்தை எசிகியல் எலியட் சுமந்தார். விஸ்கான்சினிடம் 220, அலபாமாவிடம் 230, ஓரிகனிடம் 246 என்று கடைசி மூன்று ஆட்டங்களில் மட்டும் 696 யார்டு ஓடினார். தடுப்புப் பிரிவோ விஸ்கான்சினின் மெல்வின் கார்டனை 76 யார்டில் கட்டிப்போட்டது. மூன்றாவது குவார்ட்டர்பேக் கோப்பை வென்றார் என்று சொல்வது அழகாக இருக்கிறது. மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்தும் வெல்லக்கூடிய அணி கட்டப்பட்டிருந்தது என்பதே சரியான கூற்று. அலபாமா 42–35, ஓரிகன் 42–20. 2015 ஜனவரி 12 அன்று முதலாவது பிளேஆஃப் பட்டம் கொலம்பஸுக்குப் போனது. தேர்வுக்குழு அவர்களை உள்ளே விட்டபோது, கடைசி ஆட்டத்தை 55–3 என்று வென்றிருந்த, டெக்ஸாஸ் மாநிலத்தின் டி.சி.யூ. மூன்றாமிடத்திலிருந்து ஆறாமிடத்துக்கு இறக்கப்பட்டது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்றே டெக்ஸாஸ்காரர்கள் பேசுவார்கள்.

அடுத்த பருவத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 2015இல் மூவரும் வளாகத்திலேயே இருந்தார்கள். மில்லர் பட்டம் பெற்றவர், விரும்பினால் வேறு கல்லூரியில் உடனே ஆடியிருக்கலாம். தங்கி, பந்து பிடிப்பவராக மாறினார். ஜோன்ஸ் தொடங்கினார், அக்டோபரில் பாரெட்டுக்கு இடம் மாறியது, ஓர் ஆட்டத் தடையால் மீண்டும் ஜோன்ஸ், மீண்டும் பாரெட். தாக்குதல் தன் முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. நவம்பர் 21 அன்று மிச்சிகன் ஸ்டேட்டிடம் 17–14 என்று சொந்த மண்ணில் தோற்றது; மொத்தம் எடுத்தது 132 யார்டு. மிச்சிகன் ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் கானர் குக் தோள் காயத்தால் அன்று ஆடவில்லை. இரண்டு மாற்று ஆட்டக்காரர்களை மாறிமாறி இறக்கி, கடைசி உதையில் வென்றது. ஆள் மிகுதியும் ஒரு பிரச்சினைதான், ஆனால் அதற்காக எந்தப் பயிற்றுநரும் அழுததில்லை.

போகும் உரிமை

2018இல் இரண்டு விதிகள் மாறின. நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்தப் பருவம் கணக்கில் சேராது என்பது ஒன்று. அக்டோபர் 15 அன்று தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மற்றொன்று: பயிற்றுநரின் அனுமதி கேட்காமலே பெயரைப் பதிந்துவிட்டுப் போகலாம். முதல் விதி மாணவர் நலனுக்காக வந்தது, நல்ல விதியும்கூட. ஆனால் செப்டம்பர் இறுதியை அது ஒரு கெடு நாளாக்கிவிட்டது.

கிளெம்சன் அதை உடனே அனுபவித்தது. முந்தைய ஆண்டு அணியைப் பிளேஆஃபுக்கு அழைத்துச் சென்ற கெல்லி பிரையன்ட், நான்கு ஆட்டத்துக்குப் பின் முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸிடம் இடமிழந்தார். அந்த வாரமே விலகினார். பிறகு மிசௌரி பல்கலைக்கழகம் சென்றார். அதற்கு முன்பே இரண்டு குவார்ட்டர்பேக்குகள் வேறு கல்லூரிகளுக்குப் போயிருந்தார்கள். செப்டம்பர் 29, சிரக்யூஸுக்கு எதிராக இரண்டாம் கால்பகுதியில் லாரன்ஸ் தலையில் அடிபட்டு வெளியேற, எஞ்சியவர் சேஸ் பிரைஸ். பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த கிளெம்சன், அவர் நடத்திய 94 யார்டு பயணத்தின் முடிவில், 41 நொடி மீதமிருக்க 27–23 என்று தப்பியது. அந்தப் பருவத்தை 15–0 என்று முடித்து, அலபாமாவை 44–16 என்று வென்றது. அந்த ஓர் ஆட்டத்தில் பிரைஸ் பிசகியிருந்தால் பிரையன்ட்டைப் போகவிட்ட முடிவு இன்றும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

அதே ஆண்டு அலபாமாவின் ஜேலன் ஹர்ட்ஸ் எதிர்த்திசையில் நடந்தார். ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் டுவா டகோவைலோவாவுக்காக நீக்கப்பட்டவர், அணியைவிட்டுப் போகவில்லை. டிசம்பர் 1 அன்று டகோவைலோவா கணுக்காலில் அடிபட, உள்ளே வந்து ஜார்ஜியாவை 35–28 என்று வென்று கொடுத்தார். அதன்பின் பட்டம் பெற்று ஓக்லஹோமா போனார். இப்படித் தங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஒரு சிறு காயம் எத்தனை தூரம் போய் விழும் என்பதற்கு ஜோ பர்ரோ சாட்சி. 2017 ஆகஸ்டில் ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியில் அவர் எறியும் கை எலும்பு முறிந்தது. இரண்டாமிடம் டுவெய்ன் ஹாஸ்கின்ஸுக்குப் போனது. நவம்பரில் மிச்சிகனுக்கு எதிராகப் பாரெட் முழங்காலால் தடுமாறியபோது வந்து வென்று கொடுத்தவர் ஹாஸ்கின்ஸ். எனவே அடுத்த ஆண்டின் இடமும் அவருக்கே. பர்ரோ பட்டத்தை முடித்துக்கொண்டு லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். 2019இல் 60 டச்டவுன் எறிந்து, ஹைஸ்மன் வென்று, 15–0 என்று பட்டத்தையும் வென்றார். ஒஹாயோவில் அந்தக் கை எலும்பு முறியாதிருந்தால் லூசியானா ஸ்டேட்டுக்குக் கோப்பை வந்திருக்காது என்று சொல்வது ஊகம்தான். ஆனால் நிகழ்வுகளின் வரிசை அப்படித்தான் இருக்கிறது.

2021இல் ஒருமுறை இடம் மாறினால் உடனே ஆடலாம் என்றானது. அதே ஜூலை 1 முதல் பெயரையும் முகத்தையும் விற்றுப் பணம் பெறலாம். 2024இல் எத்தனை முறையும் மாறலாம். ஜோன்ஸைப்போல் மூன்றாண்டு காத்திருக்கும் குவார்ட்டர்பேக் இந்த ஏற்பாட்டில் உருவாக மாட்டார். ஆட்டக்காரரின் உரிமை என்ற நிலையில் இதை எதிர்ப்பதற்கில்லை. பயிற்றுநர் நாளைக்கே வேறு வேலைக்குப் போகலாம், இருபது வயதுப் பையன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. இழப்பு அணிக்கு, அதை அணிகள் ஏற்கத்தான் வேண்டும்.

காயத்தை அறிவிப்பது யார்

2014 செப்டம்பர் 27 அன்று மிச்சிகன் மைதானத்தில் அவ்வணியின் குவார்ட்டர்பேக் ஷேன் மோரிஸ் பலத்த அடிபட்டுத் தள்ளாடி நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வெளியே எடுக்கப்பட்டவர் சற்று நேரத்தில் மீண்டும் அனுப்பப்பட்டார். காரணம் விசித்திரமானது: பதில் ஆட்டக்காரர் டெவின் கார்ட்னரின் தலைக்கவசம் கழன்றது, கழன்றவர் ஒரு முறை வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு பாதுகாப்பு விதியே, அடிபட்டவரை உள்ளே தள்ளியது. மூளை அதிர்ச்சி இருந்திருக்கலாம் என்று கல்லூரி பிறகு ஒப்புக்கொண்டது. அடுத்த மாத இறுதியில் விளையாட்டு இயக்குநர் பதவி விலகினார். பெரிய மாநாடுகள் மைதானத்தில் தனிப் பார்வையாளர்களை அமர்த்தியதும், ஆடலாமா கூடாதா என்பதில் மருத்துவர் சொல்லே இறுதி என்று எழுதியதும் இதையடுத்த காலத்தில்தான்.

காயத்தை மறைக்கும் பழக்கத்தை உடைத்தது அறம் அல்ல, சூதாட்டம். 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான கூட்டரசுத் தடையை நீக்கியது. உள்தகவல் விலைபோகும் என்ற அச்சத்தில், பிக் டென் 2023 முதலும் எஸ்.இ.சி. 2024 முதலும் ஆட்டத்துக்கு முன் யார் ஆட மாட்டார் என்று அறிவிக்கின்றன. 2007இல் ஓரிகன் காத்த மௌனத்தை இன்று அம்மாநாடுகளில் காக்க முடியாது.

2023இன் தீர்ப்பு

ஃபுளோரிடா ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுக்கு எதிரான எளிய ஆட்டத்தில் காலில் படுகாயமடைந்தார். அணியின் இரண்டாமவர் டேட் ரோடமேக்கர், 2020 முதல் அங்கிருந்தவர். 2022இல் டிராவிஸ் காயமுற்றபோது லூயிவில்லை வென்று காட்டியவரும் அவரே. ஃபுளோரிடாவையும் 24–15 என்று வென்றார். ஆனால் அந்த ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடி. மூன்றாமவர் பிராக் கிளென், சில மாதங்களுக்கு முன் பள்ளியிலிருந்து வந்தவர். 21 முறை எறிந்து 8 சேர்த்து, 55 யார்டு. தடுப்புப் பிரிவுதான் ஆட்டத்தை வென்றது.

முக்கிய ஆட்டக்காரர் இல்லாமை அணியின் வருங்கால ஆட்டத்தைப் பாதிக்குமானால் அதைக் கருதலாம் என்பது தேர்வுக்குழுவின் எழுதப்பட்ட நெறி, 2014இலும் இருந்தது. 2014இல் 59 புள்ளி அதற்குப் பதில் சொன்னது. 2023இல் 16 புள்ளியால் சொல்ல முடியவில்லை. ஆக, குழு ஒப்பிட்டது இரண்டு மூன்றாமவர்களை. மூன்றாண்டு பழகியவரையும் சில மாதமே பழகியவரையும். நெறிக்கு உட்பட்ட முடிவுதான். ஆனால் என் மதிப்பீட்டில் தவறான முடிவு. வென்ற ஆட்டங்களைவிட ஆடப்போகும் ஆட்டத்தின் ஊகம் கனமானால், பருவம் எதற்கு? பெரிய மாநாடொன்றின் தோல்வியறியா வாகையர் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது அதுவே முதல்முறை. ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ளே போனது. ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றதைக் காட்டிக் குழுவை நியாயப்படுத்துவோர் உண்டு. ரோடமேக்கர் போர்ட்டலில் பெயர் பதிந்துவிட்டார், தொழில்முறைக்குப் போகும் பலர் ஆடவில்லை. டிசம்பர் 30 அன்று களமிறங்கியது அந்த அணியே அல்ல.

2024இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது. மாநாட்டு வாகையருக்கு ஒதுக்கிய இடங்கள் வந்தன. அந்த டிசம்பரில் ஜார்ஜியாவின் கார்சன் பெக் முழங்கைத் தசைநார் காயத்தால் வெளியேற, கன்னர் ஸ்டாக்டன் டெக்ஸாஸை 22–19 என்று வெல்ல வைத்தார். இம்முறை அணியை யாரும் தள்ளிவைக்க முடியவில்லை. நோட்டர் டேமிடம் 23–10 என்று களத்தில் தோற்றது. அதுவே முறை.

இப்போது இன்னொரு எண் வந்திருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, பங்கேற்கும் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு, முதல் ஆண்டான 2025–26இல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, நேரடியாகத் தரலாம் என்றானது. 85 உதவித்தொகை வரம்பு நீங்கி, மொத்த அணிக்கே 105 பேர் என்ற வரம்பு வந்தது. 1973இன் அதே எண், பொருள் வேறு. முன்பு உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேரும் வாக்-ஆன்கள் வரம்புக்கு வெளியே இருந்தார்கள். இனி அவர்களும் உள்ளே எண்ணப்படுவார்கள்.

அவர்களில் யார் வருவார் என்பதற்கு ஸ்டெட்சன் பென்னட்டைச் சொன்னால் போதும். 2017இல் ஜார்ஜியாவுக்கு வாக்-ஆனாக வந்து, ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்டைப்போல் நடித்துத் தன் அணிக்குப் பயிற்சி தந்தவர். ஓராண்டு வேறு கல்லூரிக்குப் போய்த் திரும்பினார். 2021இல் முதல் ஆட்டக்காரர் ஜே.டி. டேனியல்ஸ் காயமுற, முதல் பாதியிலேயே ஐந்து டச்டவுன் எறிந்து இடத்தைப் பிடித்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஜார்ஜியா தேசிய வாகையர். இத்தகைய ஒருவருக்கு 105இல் இடம் ஒதுக்க வேண்டுமானால் பயிற்றுநர் வேறொருவரை நீக்க வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்ய மாட்டார்கள் என்பதே என் கணிப்பு. உடன்பாட்டை எதிர்பார்த்து ஏற்கெனவே நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் நீதிமன்றம் விலக்கு அளித்திருக்கிறது. அவர்களுடைய ஆடும் தகுதிக் காலம் முடியும்போது அந்த விலக்கும் முடிந்துவிடும்.